முடுக்கம் பூஜ்ஜியம்

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் எந்தக் கோடு மேலே ஏறினாலும் அது மலைதான். வேன் முதலாளி அருணகிரி மட்டும் விதிவிலக்கா என்ன?

பள்ளி வேன் ஓட்டும் என் தம்பி ஜீஷானை வேலையைவிட்டு அனுப்ப, அவர் மேசைமேல் ஒரு தாளை விரித்து வைத்திருந்தார். வேனில் பொருத்திய ஜிபிஎஸ் முந்தின நாள் ஓட்டத்துக்குக் கொடுத்த வரைபடம். கீழே நிமிடங்கள், பக்கவாட்டில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வண்டி கடந்த கிலோமீட்டர்கள். நடுவில் ஓரிடத்தில் கோடு கிடுகிடுவென ஏறியது. அன்றைக்குத்தான் ஒரு குழந்தை வேனுக்குள் விழுந்து முகவாயில் தையல் போட்டிருந்தது.

"பாருங்க டீச்சர், மலை மாதிரி ஏறுது. அந்த ரோட்ல மேடே கிடையாது. அப்போ ஆக்சிலேட்டர ஏறி மிதிச்சிருக்கான்னுதானே அர்த்தம்? ஆக்சிலரேஷன் ஜாஸ்தி. அதான் புள்ள விழுந்துடுச்சு."

ஜிபிஎஸ் விற்றவன் சொல்லிக்கொடுத்த வார்த்தை போலிருக்கிறது. வாங்கிய காசுக்கு அதையாவது பயன்படுத்த வேண்டாமா?

வீட்டில் 'ஆபா, ஆபா' என்று அக்கா என்னிடம் வாய் ஓயாத என் தம்பி ஓரமாக நின்றான். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்குபவர்கள்கூட அவ்வளவு மௌனமாக இருக்க மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவள் நான். என் தம்பியின் பிழைப்பைத் தப்பான இயற்பியலால் கெடுக்க விடுவேனா?

"சார், இது ரோட்டோட படம் இல்ல. கோட்டோட சாய்வுதான் வேகம். வேகம் மாறினா கோடு வளையும். இது ஸ்கேல் வச்சு போட்ட மாதிரி நேரா இருக்கு பாருங்க."

பேனாவை எடுத்தேன். ஏற்றத்தின் தொடக்கத்தில் ஒரு புள்ளி, முடிவில் ஒரு புள்ளி. முதல் புள்ளியில் சாய்வு ஒன்று புள்ளி இரண்டு. இரண்டாவதிலும் அதேதான். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்து, இடைப்பட்ட ஐந்து நிமிடத்தால் வகுத்தேன்.

"சராசரி முடுக்கம் பூஜ்ஜியம். நீங்க சொன்ன ஆக்சிலரேஷன் இங்க இல்லவே இல்ல சார்."

அருணகிரி நல்ல மனிதர். கணக்கைக் கண்டால் கும்பிடுகிற தலைமுறை. "அப்போ தப்பு என்னுதுதான் டீச்சர். ஜீஷான், நாளைக்கு வண்டிய எடுப்பா" என்றார். நான் அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். பாடம் நடத்துகிறவளுக்கு அந்தப் புத்தி எங்கே இருக்கிறது?

"வேற சந்தேகம் இருக்கா சார்?" என்றேன்.

"அந்த ஒன்னு புள்ளி ரெண்டு என்னது?"

"நிமிஷத்துக்கு ஒன்னு புள்ளி ரெண்டு கிலோமீட்டர்."

அவர் செல்போனை எடுத்து அறுபதால் பெருக்கினார். எழுபத்திரண்டு வந்தது. பள்ளி வேனில், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, எழுபத்திரண்டு. மிச்சக் கோட்டை அப்போதுதான் பார்த்தேன். ஏற்றம் முடிந்த இடத்தில் அது சட்டென்று வளைந்து படுத்திருந்தது. முழு வேகத்திலிருந்து பிரேக்கில் ஒரே மிதி. குழந்தை விழுந்தது அங்கேதான்.

"யாரு ஆபா உன்ன கணக்கு போட சொன்னா?" என்று ஜீஷான் முனகினான்.

அருணகிரி வேன் சாவியை மேசையில் வைத்தார். "நீங்களே சொல்லுங்க டீச்சர். நீங்க குடுன்னு சொன்னா குடுத்துடறேன்."

தம்பி என்னையே பார்த்தான். அவன் சம்பளத்தில்தான் அம்மாவுக்கு மருந்து. விழுந்த குழந்தைக்குப் பக்கத்து இருக்கை என் மகள் மெஹ்விஷுடையது. சாவியை அவர் பக்கமே தள்ளினேன்.

"குடுக்காதீங்க சார்" என்றேன்.