இரண்டாவது பம்ப்

"ரெண்டுன்னு போட்டுகீறீங்க. எங்கப்பாவுக்கு ஒண்ணுதான் வச்சீங்க." ஜாக்குலின் பில்லைக் கண்ணாடிக்கு அடியில் திரும்பத் தள்ளினாள்.

பில்லிங் கவுன்டரில் இருந்த கோபாலகிருஷ்ணன் அதைத் தொடவில்லை. "போன வாரம் ஒண்ணு, இன்னிக்கி காலைல ஒண்ணும்மா. புண்ணுல ஊறுற நீரை உறிஞ்சற பம்ப்பு. ஒருதபா ஒட்டினா அப்புறம் தூக்கிப்போடறதுதான். இன்சூரன்ஸ்ல வராது."

"காலைலதான் அவரு செத்துட்டாரு. செத்தவருக்கா ஒட்டுனீங்க?"

வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார்.

"வார்டுல போய்ப் பாரும்மா. இல்லன்னா எடுத்துடறேன். பில்லு முடிச்சாதான் பாடி."

படிக்கட்டருகே நின்ற அவள் புருஷன் கலையரசன் கேட்டான்: "இன்னாவாம்?"

"பொய்ப் பில்லு. அது ஒண்ணைக் கழிச்சா கையில கீறது சரியாப் பூடும். இல்லன்னா கம்மலத்தான் வைக்கணும். இரு, வர்றேன்."

வார்டில் திரைக்குப் பின்னால் நர்ஸ் ஜெனிஃபர் போர்வையை விலக்கினாள். அவள் அப்பா ஜெரோமின் இடது பாதத்தில் புது பிளாஸ்டிக் சுற்றியிருந்தது. அதிலிருந்து ஒரு குழாய். அதன் முனையில் உள்ளங்கையளவு பம்ப், பச்சை விளக்கோடு மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. மாமல்லபுரத்து ஹோட்டல் ஒன்றில் வாட்ச்மேன் அவர். ஷூ கடித்து, சர்க்கரையால் ஆறாமல் போன புண். காலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். பம்ப் வைத்துப் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டவள் ஜாக்குலின்.

"நாஸ்தாவுக்கு முன்னாடிதாங்கா மாத்துனேன். 'என்னவிட இதாம்மா நல்லா மூச்சு வுடுது'ன்னு சிரிச்சாரு. அப்புறந்தான் நெஞ்சப் புடிச்சிகினாரு." ஜெனிஃபர் தலையைத் தூக்கவில்லை. "புண்ணு நல்லா ஆறிகினு இருந்துச்சிக்கா."

ஜாக்குலின் அந்த விளக்கையே பார்த்தாள்.

"கழட்டிடட்டுமா?"

"எவ்ளோ நாளு ஓடும்?"

"ஒரு வாரம்."

"கெடக்கட்டும். டப்பு கட்டப்போறம் இல்ல?"

ஜெனிஃபர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போர்வையை மூடினாள்.

கம்மலோடு கலையரசன் அடகுக்கடைக்குப் போய் வந்தான். பில் முடிந்து ஆம்புலன்ஸ் கிளம்பியது. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டது. போர்வைக்குள் பீப், பீப் என்றது.

"இன்னா சத்தம் அது?" கலையரசன் பதறினான்.

அவளுக்குத் தெரியும். ஓரம் கிளம்பி உள்ளே காற்று புகுந்தால் விளக்கு ஆரஞ்சாகிக் கத்தும். ஆஸ்பத்திரியில் எத்தனையோ தடவை அழுத்திவிட்டிருக்கிறாள். போர்வைக்குள் கைவிட்டு பிளாஸ்டிக்கின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனாள். குதிகாலுக்கு மேலே கிளம்பியிருந்தது. பாதம் சில்லிட்டிருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

சத்தம் நின்றது. விளக்கு பச்சையானது.

மாமல்லபுரம் வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.