மேலு

பாதி ஆளாக இளைத்துப்போனவளைப் பார்த்தால் ஊர் என்ன கேட்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "ஏனுங்க உஷா, சக்கரையா?" என்று கேட்கும். அது இல்லையென்றால், "ஊட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்று கேட்கும். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தி என்னைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து, "உங்க அக்கா உஷாராணி எப்பிடி இருக்கறாங்க?" என்று என்னிடமே என்னை விசாரித்தாள். நல்லா இருக்கறாங்க என்று சொல்லி அனுப்பினேன்.

கோயம்புத்தூரில் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. முட்டி வலி போய்விட்டது. மாத்திரைகள் குறைந்துவிட்டன. மலைக்கோயில் படியில் உட்காராமல் ஏறிவிடுகிறேன். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கொழுப்பு போகும்போது தோலைக் கூட்டிக்கொண்டு போகாது என்று யாரும் எனக்கு உறைக்கிற மாதிரி சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள். இளைக்கப்போகிற ஆசையில் நான்தான் காதில் வாங்கியிருக்கமாட்டேன்.

கையைத் தூக்கினால் தோளுக்குக் கீழே தோல் தொங்கி ஆடும். அது ஊருக்குத் தெரிந்த தோல். ஊருக்குத் தெரியாதது அடிவயிற்றில் இருந்தது. அங்கே தோல் மடிந்து தொடைமேல் விழுந்து கிடந்தது. மடிப்புக்கு அடியில் வேர்வை தேங்கிப் புண்ணாகும். களிம்பு போட்டால் ஆறும், நாலு நாளில் மறுபடி ரணமாகும். வெயில் காலத்தில் அந்த நாற்றம் எனக்கே தெரியும். பவுடர் போட்டுப் பார்த்தேன், கடைசியில் துணியில் வந்து நின்றேன். வீட்டுக்காரரின் வேட்டி ஒன்றைக் கிழித்து, துண்டு துண்டாக மடித்து மடிப்புக்குள் வைத்துக்கொள்வேன். அதைத் துவைத்துக் கொடியில் மற்றத் துணிகளுக்கு அடியில் போட்டுக் காயவைப்பேன். வயசுக்கு வந்த புதிதில் செய்ததை நாற்பத்து மூன்று வயதில் திரும்பச் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் பெயர் செங்கோட்டையன். வாயால் சொல்லமாட்டேன், எழுதுவதற்குத் தடையில்லை. போர் போடுகிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போனால் மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்புவார். இந்த ஆனியில் வந்தவர், வந்த அன்றே பீரோவைக் குடைந்தார்.

"அந்தப் பச்சக்கரை வேட்டி எங்க புள்ள?"

"பழசாப் போச்சுங்க. கெழிஞ்சிருச்சு."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. எதையுமே அவர் அதிகம் கேட்பதில்லை. குண்டாக இருந்த காலத்தில் முட்டி வலி என்று சொல்லித் தனி அறையில் படுத்துக்கொண்டேன். முட்டி வலி போன பிறகு புழுக்கம் என்றேன். வெளியே மழை கொட்டும்போதும் புழுக்கம் என்றேன். சரி புள்ள என்று சொல்லிவிட்டு, தன் அறை ஃபேனைக் கொண்டுவந்து என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அந்தச் சரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலித்தது.

இந்த நிலையில்தான் என் தம்பி குணசீலனுக்குப் பெண் அமைந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குப் பெண் அமைவது லேசுப்பட்ட காரியமில்லை. தம்பிக்குத் தலையில் முன்பக்கம் வழுக்கை விழுந்து, பின்பக்கமும் விழப்போகிற நேரத்தில் சேந்தமங்கலத்தில் ஒரு பெண் சரி என்று சொன்னாள். ஐப்பசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் நின்று செய்கிற இணைச்சீரை நான்தான் செய்யவேண்டும். மடித்த சேலையின் ஒரு முனையை அக்கா கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள், மறுமுனை மாப்பிள்ளை கையில் இருக்கும். மண்டபமே அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

நிச்சயதார்த்தத்தன்று அப்பாவின் தங்கை சௌந்திரம் அத்தை என் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, சந்தையில் ஆட்டைத் தடவுகிற மாதிரி தடவினார். "ஏஞ்சாமி, இந்தக் கையை வெச்சுட்டா இணைச்சீருக்கு நிக்கப்போற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

வண்டியில் திரும்பும்போது அவர் சொன்னார். "சேலத்துல ஒரு டாக்டரு இந்தத் தோலை எடுக்கறாராமா. போய்ப் பாத்துட்டு வந்தரலாம். நீ எதுக்கு ஊர்க்காரங்க வாயில உழுகோணும்?"

டாக்டர் மெட்ராஸ்காரர், சின்ன வயசு. பொறுமையாகத்தான் பேசினார். கைக்குச் செய்தால் கக்கத்திலிருந்து முழங்கை வரைக்கும் தழும்பு நிற்கும் என்றார். வயிற்றுக்குச் செய்தால் ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரைக்கும் நிற்கும், சில வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது என்றார்.

"ரெண்டையும் ஒரே தடவையில பண்ணமாட்டேன்மா. உங்க உடம்புல ரத்தம் கம்மி. முதல்ல ஒண்ணு பண்ணுவோம். இன்னொண்ணு ஆறு மாசம் கழிச்சு. எது ரொம்பத் தொந்தரவோ அதை முதல்ல எடுத்துடலாம். எங்கே தொந்தரவு?"

பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார், என் பையை மடியில் வைத்துக்கொண்டு. அடிவயிறு என்ற சொல் என் வாய்க்குள் வந்து நின்றது, வெளியே வரவில்லை.

எங்கள் பக்கத்தில் உடம்பை மேலு என்போம். காய்ச்சல் வந்தால் மேலு சுடும். குளிப்பது என்றால் மேலுக்குத் தண்ணி வார்த்துக்கொள்வது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை மேலுக்கு எப்படி இருக்குது என்று கேட்போம். பெண்களுக்கு ரொம்ப உதவுகிற சொல் அது. ஓர் இடத்தையும் சொல்லாமல் எல்லா இடத்தையும் சொல்லிவிடலாம்.

"மேலுதானுங்க" என்றேன். "மேலுதான் ரொம்பத் தொந்தரவுங்க. எரிச்சல் தாங்க முடியறதில்லீங்க."

எரிச்சல் என்றால் எங்கே எரிச்சல் என்று கேட்பார், உள்ளே கூட்டிப்போய்ப் பார்ப்பார், அவரே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். "சரி. அப்போ கையிலேருந்து ஆரம்பிச்சுடுவோம்" என்றார்.

"ஆமாங்க சார், கைதானுங்க" என்றார் என் வீட்டுக்காரர். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

டாக்டரும் கண்ணுக்குத் தெரிகிற தோலைத்தான் பார்க்கிறார், அவரும் ஊர்க்காரர்தான் என்று மனசுக்குள் திட்டினேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வந்த பிறகு, அந்த ஒரு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மடிப்புக்குள் புண் பிளந்து துணியில் ரத்தம் பட்டது. இன்னும் ஆறு மாதம் இதோடு இருக்கவேண்டும். பட்டுச்சேலை கட்டி, மண்டபக் கூட்டத்தில், வேர்வையில், தம்பிக்குப் பக்கத்தில் இந்த நாற்றத்தோடு நிற்கவேண்டும். நினைக்க நினைக்க அழுகை வந்தது. ஒரு மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "ஏனுங்க" என்றேன்.

"சொல்லு."

"கை வந்து..."

"கையைப் பத்தி நீ கவலப்படாத. டெய்லர் கிட்டச் சொல்லிட்டேன். கல்யாணத்துக்குக் குட்டக் கை வெச்சு ஜாக்கெட் தெச்சுக்க. பாக்கறவீங்க பாத்துட்டே நிக்கோணும்."

கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம் நான் எந்த வாயால் புண்ணைப் பற்றிச் சொல்வேன்? "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டேன்.

அட்மிஷன் அன்று காலையில் பின்பக்கம் முடிச்சுப் போடுகிற அங்கியைக் கொடுத்தார்கள். அதற்கு உள்ளேயும் துணியை வைத்துக்கொண்டேன், பழக்கம் விடவில்லை. டாக்டர் ஊதா நிறப் பேனாவோடு வந்தார். இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார். சோளக்காட்டுப் பொம்மையாக நின்றேன். அவர் தோலை இழுத்து, கிள்ளிப் பார்த்து, கக்கத்திலிருந்து கோடு போட ஆரம்பித்தார். பேனா சில்லென்று இருந்தது. ஒரு கை முடிந்தது. மறு கைக்கு அவர் திரும்பும்போது கோபமோ பயமோ, ஏதோ ஒன்று என்னைப் பேசவைத்தது.

"ஏனுங்க டாக்டரு, கையை எதுக்குங்க மொதல்ல எடுத்தீங்க?"

அவர் பேனாவை நிறுத்தினார். "நீங்கதானேம்மா சொன்னீங்க? மேலதான் தொந்தரவுன்னு. மேல்பகுதின்னா கை. உண்மையைச் சொன்னா, நான் வயித்தைத்தான் நினைச்சிருந்தேன். நீங்க மேலன்னு சொன்னதும் கைன்னு எழுதிட்டேன்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. ஒளிந்துகொள்ள நான் தேடி எடுத்த சொல்லே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

கதவோரம் பையோடு நின்றிருந்தவர் முன்னால் வந்தார். "சார், எங்கூர்ல மேலுன்னா ஒடம்புங்க. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. மொத்த ஒடம்புங்க." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒடம்புல எங்க புள்ள?"

என் கண் அடிவயிற்றுப் பக்கம் தாழ்ந்தது. தூக்கிய கையை இறக்கத் தோன்றவில்லை.

டாக்டர் புரிந்துகொண்டார். "சார் கொஞ்சம் வெளியில இருக்கட்டுமாம்மா?"

வெளியில் போகச் சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். சரி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார், பிறகும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார். நான் மறுபடியும் தனி அறையில் படுத்திருப்பேன்.

"வேண்டாங்க. அவரு இருக்கட்டும்" என்றேன்.

அங்கியைத் தூக்கினேன். வெட்கத்தில் காது அடைத்துக்கொண்டது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் வெளிச்சத்தில் அப்படி நான் அவர்முன் நின்றதில்லை. மடிப்பைக் கையால் தூக்கிப் பிடித்து, துணியை எடுத்தேன். புண்ணோடு ஒட்டியிருந்தது, பிய்த்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. அறையில் நாற்றம் எழுந்தது. டாக்டர் கையுறையை மாற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இங்கதானுங்க" என்றேன். "வயித்துல. ரெண்டு வருஷமா. மொதல்ல இதை எடுங்க. கை தொங்குனா தொங்கட்டும்."

வீட்டுக்காரர் புண்ணைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த துணியை வாங்கினார். ரத்தமும் சீழும் பட்டதை அப்படியே வாங்கிப் பிரித்துப் பார்த்தார். ஓரத்தில் பச்சைக்கரை இருந்தது.

"இதுக்கா?" என்றார். "ஏஞ்சாமி, இதுக்கா தனியாப் படுத்த? நான் வேற நெனச்சுட்டு இருந்தேன். நீ எளைச்சு அழகாயிட்ட. சேத்துல பொரளறவன் இனி எதுக்குன்னு உட்டுட்டயாட்ட இருக்குதுன்னு..."

நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார், துணியை மடியிலேயே வைத்திருந்தார். நான் வேண்டாதவள் ஆகிவிடுவேன் என்று நான் பயந்த அதே இரண்டு வருஷமும், தான் வேண்டாதவர் ஆகிவிட்டதாக அந்த மனுஷன் சத்தீஸ்கர் காட்டில் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். யாருக்காக யார் ஒளித்தோம் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அன்றைக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. இந்த ரணத்தோடு எங்கேயும் கத்தி வைக்கமுடியாது, ஆறட்டும் என்றார் டாக்டர். பிறகு வயிற்றைச் செய்யலாம், ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் கைக்கு நேரம் இருக்காது என்றும் சொன்னார். "தெரியுமுங்க" என்றேன். ஒரு கையில் மட்டும் ஊதாக் கோட்டோடு வீடு வந்து சேர்ந்தேன். தேய்த்தும் அது சீக்கிரம் போகவில்லை.

காலையும் மாலையும் அவரே புண்ணைக் கழுவி மருந்து போட்டார். முதல் நாள் நான் முகத்தை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் மூடவில்லை. ஃபேன் அவர் அறைக்கே திரும்பிப் போயிற்று, நானும் போனேன். ஆடி முடியும்போது தோலை எடுத்தார்கள். இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டிக்கொண்டு, கூன் விழுந்தவளாக வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். வலி இருந்தது. ஆனால் காய்ந்த வலி. நசநசவென்று இல்லை. அந்தச் சுகத்தைத் தோல் மடிந்து கிடந்தவர்களுக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியும்.

ஐப்பசியில் கல்யாணம் வந்தது. டெய்லர் குட்டைக் கை ஜாக்கெட்டைத் தைத்தே வைத்துவிட்டார். மாற்றித் தைக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றேன். அதையே போட்டுக்கொண்டு இணைச்சீருக்கு நின்றேன். சீர் செய்விக்கிற அருமைக்காரர் மடித்த சேலையை நீட்டினார். முனையைக் கக்கத்தில் இடுக்கினேன். மறுமுனையைப் பிடித்திருந்த குணசீலன் பயத்தில் வெடுக்கென்று இழுத்தான். என் பக்கம் கொஞ்சம்கூட வழுக்கவில்லை. தொங்குகிற தோலுக்கும் ஒரு பிடி இருக்கத்தான் செய்கிறது.

முன்வரிசையில் இருந்த சௌந்திரம் அத்தைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மண்டபத்துக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"ஏஞ்சாமி உஷா, அத்தன நாளு ஆஸ்பத்திரியில கெடந்தயே. கை அப்பிடியேதான் தொங்குது. எங்கதான் வைத்தியம் பண்ணுனாங்க?"

மேளம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். ஆண்கள் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார், புது வேட்டியில், அதுவும் பச்சைக்கரைதான். அவர் என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலுக்குத்தானுங்க அத்தை" என்றேன். "இப்ப மேலுக்கு நல்லாருக்குதுங்க."

சொல்லிவிட்டுச் சேலை முனையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.