கடைசி வீட்டுக்குக் கேள்வி கிடையாது

அந்தத் தெருவுக்குள் எது வந்தாலும் முதல் வீட்டில் தொடங்கித்தான் வர வேண்டும். ஒவ்வொரு வீட்டாரும் வந்ததை வாசலில் நிறுத்தித் தங்கள் கேள்வியைக் கேட்பார்கள். ஆமாம் என்றால் அந்த வீட்டுக்கு. இல்லை என்றால் அடுத்த வீட்டுக்கு. சுற்றுச்சுவரை ஒட்டிய ஏழாவது வீடுதான் கடைசி. அதற்குக் கேள்வி கிடையாது. மற்றவர்கள் தள்ளிவிட்டதெல்லாம் அங்கே போய்ச் சேரும்.

அந்த ஏழாவது வீட்டில் செந்தாமரை இருந்தாள். யாருக்கோ வந்த கட்டில், யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு தும்மல், ஒரு வாத்து, மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு சித்தப்பா எல்லாம் அவளுக்கு அப்படி வந்தவைதான். அவள் முகம் சுளித்ததில்லை. வந்ததை வைத்துக்கொண்டு, புருஷன் அருணகிரி வரட்டும் என்று காத்திருந்தாள். அவன் வெங்காயம் ஏற்ற லாரியில் நாசிக் பக்கம் போனவன். இந்த வாரம் வந்துவிடுவேன் என்று போனில் சொல்லியிருந்தான். இப்போது மீசை வைத்திருப்பதாகவும் சொன்னான்.

வாரம் முடிந்தது. ஆள் வரவில்லை. ஆனால் மூன்றாவது வீட்டிலிருந்து அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. செந்தாமரைக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மூன்றாவது வீட்டுப் பவளம், கருவாட்டைக் கண்டால் தெருவையே கழுவிவிடுகிறவள். அவளாவது கருவாடு வைப்பதாவது. மறுநாள் அங்கே யாரோ இருமினார்கள். அது ஊரார் இருமல் மாதிரி இல்லை. செந்தாமரை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

“அக்கா, வீட்டுக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?”

“வந்திருக்காரே” என்றாள் பவளம். “மீசை இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னாரு. உள்ள வாங்கன்னுட்டேன்.”

பவளத்தின் கேள்வி முன்பெல்லாம் நீளமானது. மீசையும், காதில் கடுக்கனும், கையில் பலாப்பழமும் இருக்கிறதா என்று கேட்பாள். எப்போதோ கோபித்துக்கொண்டு போன அவள் அண்ணனுக்கான கேள்வி அது. கேட்டுக் கேட்டு வாய் வலித்து, மீசையோடு நிறுத்திக்கொண்டாளாம். வாய் வலித்துத்தான் நிறுத்தினாளா, அருணகிரி மீசை வைத்த சேதி காதில் விழுந்து நிறுத்தினாளா என்பது செந்தாமரைக்குப் பிடிபடவில்லை.

“அவரு என் வீட்டுக்காரரு, அக்கா.”

“இருக்கட்டும் தாமரை. ஆனா உன் வீட்டுக்கு முன்னாடி என் வீடு இருக்கே.”

உள்ளே அருணகிரி இலை போட்டு உட்கார்ந்திருந்தான். நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று செந்தாமரை கேட்டாள்.

“மீசை இருக்கான்னு கேட்டாங்க. இருந்துச்சு. என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?”

 அவன் சொன்னதில் தப்பில்லை. குழம்பில் புளி தூக்கல் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

சேதி பரவியதும், அடுத்தவர் புருஷன் தங்கள் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதே என்று எல்லா வீட்டாரும் உஷாராகிவிட்டார்கள். கேள்விகளை நீட்டத் தொடங்கினார்கள். மீசை இருந்து, லாரி ஓட்டாமல் இருந்து, ஓட்டினாலும் வெங்காயம் ஏற்றாமல் இருந்தால் என்று அவரவர் வாசலில் வளர்த்துக்கொண்டே போனார்கள். காலையில் வந்த பால் நாலாவது வாசலில் நிற்கும்போதே தயிராகிவிட்டது. நீ பாலா என்று கேட்டதற்கு இல்லை என்றது. தெருவின் பால் முழுவதும் தயிராகச் செந்தாமரை வீட்டுக்கு வந்து இறங்கியது. சித்தப்பா மூன்று வேளையும் தயிர்சாதம் சாப்பிட்டார்.

இதற்கு ஒரு வழி செய்ய எலெக்ட்ரீஷியன் மரியதாஸைக் கூப்பிட்டார்கள். அவன் தெருமுனையில் ஒரு பலகையை நட்டான்.

“வந்தவனை நீ அவனா இவனான்னு வாசலுக்கு வாசல் எதுக்குக் கேட்கணும்? யாருன்னு அவனுக்கே தெரியும்ல. அவன் பேருல ஒரு பொத்தான். அழுத்தினா அவன் வீட்டுக் கதவு திறக்கும். நேரா போயிட வேண்டியதுதான். ஆனா ஒண்ணு, வாசல்ல நின்னு யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டா மறுபடி பழைய கதைதான்.”

எல்லோரும் சரி என்றார்கள். முதல் ஆளாகச் சரி என்றவள் பவளம். செந்தாமரைக்கு அதுவே உறுத்தியது. மரியதாஸ் ஒயர் இழுத்த அன்று மத்தியானச் சாப்பாடும் பவளம் வீட்டில்தான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைப்பானா? வேலை முடிந்து அவன் ஏணியை மடக்குவதற்குள், செந்தாமரை போய் அருணகிரியின் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது.

“அவரு எங்க இருக்காரோ அங்கதானேக்கா ஒயர் இழுக்க முடியும்” என்றான் மரியதாஸ். அதிலும் தப்பில்லை.

இனி யார் சொல்வதிலும் தப்புப் பார்த்துப் பயனில்லை என்று அவளுக்குப் பட்டது. வெயிலுக்குத் தெரு கதவடைத்துக் கிடந்த நேரத்தில் அரிவாள்மனை நுனியால் பலகையைக் கழற்றினாள். அருணகிரியின் ஒயரைத் தன் வீட்டுக்கு முறுக்கினாள். பவளத்தின் வீட்டு ஒயர் அநாதையாகத் தொங்கியது. பாவமாக இருந்ததால் அதை வாத்தின் பொத்தானில் சுற்றிவிட்டாள்.

சாயங்காலம் அருணகிரி டீ குடிக்கப் போனான். செந்தாமரை வாசல் தெளித்தாள். புளியைக் குறைத்துக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தலையை வாரி முடிந்துகொண்டு நடையில் நின்றாள்.

கதவு தானாகத் திறந்தது.

அருணகிரி தெருமுனையிலிருந்து நடந்து வந்தான். முதல் வாசலைத் தாண்டினான், இரண்டாவதைத் தாண்டினான். மூன்றாவது வாசலில் பவளம் வாயைத் திறந்தாள். கேட்கக் கூடாதே என்று மூடிக்கொண்டாள். அவன் பார்வை செந்தாமரையின் மேலேயே இருந்தது. அன்று கோபத்தில் கவனிக்கவில்லை, கிட்டே வரவரத்தான் ஆள் எவ்வளவு இளைத்திருக்கிறான் என்று தெரிந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவன் வாசற்படியில் கால் வைத்தான். எத்தனை மாதம் கழித்து வந்திருக்கிறான். அவனைப் பார்த்து மரம் மாதிரி நிற்க எந்தப் பெண்ணால் முடியும்?

“சாப்டீங்களா?” என்றாள்.

“இல்ல” என்றான் அருணகிரி.

சொன்ன வாய் மூடுவதற்குள் அவன் கால் வாசற்படியிலிருந்து இறங்கிவிட்டது. அவனுக்கும் வருத்தம்தான். அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனான்.

சுற்றுச்சுவர் இருந்த இடத்தில் எட்டாவது வீடு இருந்தது. பழைய வீடுதான், ஓட்டில் பாசி படிந்திருந்தது. கதவைத் திறந்து பிடித்தபடி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை.