லாஸ்லெஸ் லாசர்

ஆரோக்கிய ஜெனிபருக்குத் தொண்டை போய்விட்டது என்று கடலூர்ப் பங்கு முழுக்கப் பரப்பியவர் பாடகர் குழு மாஸ்டர் லூர்துநாதன். மனுஷன் கெட்டவர் இல்லை. காதில் விழுந்ததை வாயில் அடக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். மாஸ்டர் வராத ஒரு நாள் ஒத்திகையில் சிதம்பரத்து அன்பரசு அவள் பாட்டைப் பதிவுசெய்து அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். மேல் ஸ்தாயியில் ஜெனிபரின் குரல் தகரத்தைத் தேய்த்ததுபோல் கரகரத்தது. "திருவிழாப் பூசையில தனிப்பாட்டு வேற யாருக்காச்சும் குடுத்துர்றேம்மா" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

ஜெனிபரும் அந்தப் பதிவைப் போனில் கேட்டாள். அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்கே தோன்றியதுதான் கொடுமை. பிள்ளை பெற்றதோடு குரலும் போயிற்று என்று முடிவுகட்டி, சமையலறையில் முணுமுணுப்பதைக்கூட நிறுத்திவிட்டாள்.

அவள் புருஷன் சகாய ஆனந்த் கோர்ட்டில் டைப்பிஸ்ட். அளந்துதான் பேசுவான். "பாட்டை வாட்ஸப்பு நசுக்கி அனுப்புனா குரலும்தான் நசுங்கும்" என்றவன், சனிக்கிழமை சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி, அன்பரசுவிடம் மூலப் பதிவைப் பென்டிரைவில் வாங்கிவந்தான். மாஸ்டரையும் கையோடு அழைத்துவந்து உட்காரவைத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால், பழைய பிளேயர் அந்த ஃபைலைத் தொடவே மாட்டேன் என்றது.

"ஃபைல் பேரை எம்பித்ரீன்னு மாத்திப் பாருங்களேன்" என்றாள் ஜெனிபர்.

"சட்டைய மாத்துனா ஆளு மாறிருவானா?" என்று சிரித்தபடி இன்னொரு பிளேயரை இறக்கினான்.

"இது என்னாப்பா?" என்றார் மாஸ்டர், முறுக்கைக் கடித்துக்கொண்டே.

"லாஸ்லெஸ், மாஸ்டர். பாட்டுல ஒண்ணும் கொறையாது."

"லாசரா? நம்ம ஆளுதானா! எந்தத் தெரு லாசரு?"

பதில் சொல்வதற்குள் பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது. முதலில் ஆர்மோனியத் துருத்தி மூச்சு வாங்கியது. யாரோ பாட்டுத்தாளைப் புரட்டினார்கள். பக்கத்தில் ஒருவர் செருமியதுகூடக் கேட்டது. பிறகு குரல் எழுந்தது. அடேயப்பா! மேலே போகப் போக ஒரு பிசிறு இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. பித்தளைக் குடம்போலக் கணீரென்று நின்றது.

ஜெனிபர் புருஷனின் தோளை இறுகப் பிடித்தாள். "இது நானாங்க?"

"நீதான். ஒன் குரலு எங்கயும் போவல."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாட்டைவிட, அதற்காகப் பஸ்ஸில் போய்வந்த இந்த ஊமைக்கோட்டான்மேல்தான் பெருமை ஜாஸ்தியாக இருந்தது.

மாஸ்டரின் கையில் முறுக்கு பாதியில் நின்றது. "நாந்தாம்மா தப்புப் பண்ணிட்டேன். தனிப்பாட்டு ஒனக்குத்தான்" என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டியவர் திரும்பினார்.

"யப்பா, அந்த லாசரத் திருவிழாவுக்கு வரச்சொல்லு. வேதத்துல செத்த லாசர ஆண்டவர் எழுப்புனாரு; இந்த லாசரு, செத்துப்போச்சுன்னு நான் மூடி வெச்சதயே எழுப்பிட்டாரே!"

விளக்கம் சொல்ல வாயெடுத்த சகாய ஆனந்தை நறுக்கென்று கிள்ளிவிட்டு, அவனையே பார்த்தபடி ஜெனிபர் சொன்னாள்:

"கூட்டியாறேன் மாஸ்டர். முன்வரிசையிலயே ஒக்கார வெக்கிறேன்."