காலையில் அரை டம்ளர்

என் வீட்டுக்காரர் தனசேகரனுக்குக் காலையில் பிராந்தி ஊற்றிக் கொடுத்தது நான்தான். அரை டம்ளர், தண்ணீர் கலந்து. அது உள்ளே போகாவிட்டால் அவர் கை நடுங்கும். நடுங்கும் கையால் பட்டு நெய்தால் இழை அறுந்துபோகும். குடித்த கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றுவிடுவதால், அதை மருந்து என்றே நினைத்தேன். ராத்திரி குடித்துவிட்டு வந்தால் தெருவே கேட்கச் சண்டை போடுவேன், விடிந்தால் நானே ஊற்றுவேன். எனக்கு அவ்வளவு அறிவு!

மூன்று வருடத்தில் ஆள் ஊதிப்போனார். நெய்த புடவையைச் சுருட்டும் படமரத்தில் தொப்பை இடித்தது. தறிக்குழியில் காலை இறக்குவதற்குள் மூச்சு வாங்கியது. “உக்காந்துக்கினே இருந்தா உடம்பு போடத்தான் செய்யும்” என்பார். முகம் சிவந்து பளபளவென்று இருக்க, ‘ஆள் பூசினாற்போல இருக்கிறார்’ என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அது 2001 வைகாசி. வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணப் புடவையைக் கொடுத்தாக வேண்டும். புடவையின் உடல் பகுதிக்கு அவர் ஊடை நூல் கட்டையான நாடாவை வீச, பக்கத்தில் உட்கார்ந்து நான் கரைக்கு வீசுவேன். புதன்கிழமை காலையில் குடித்த பிறகு நடுக்கம் நின்றது. ஆனால் பிடரியை அழுத்திக்கொண்டே இருந்தார்.

“வேணி, கண்ணு மங்கலா தெரியுது.”

“மணி பத்தாவுது, வீசுங்க” என்றேன்.

சற்று நேரத்தில் அவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. பாய்ந்து துண்டை எடுத்தேன். எடுத்துப் புடவையை மூடினேன். அதற்குப் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் செத்துவிடலாம் போலிருந்தது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் பிரஷர் பார்த்தாள். நம்பாமல் மறுபடி பார்த்தாள். இருநூற்றுப் பத்துக்கு நூற்று முப்பது. எடை தொண்ணூற்று நாலு கிலோ.

“குடிப்பீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“எப்பவாச்சும் மேடம். விசேஷம்னா.”

“உண்மையைச் சொல்லுங்க. குடியாலதான் எடையும் ஏறுது, பிரஷரும் ஏறுது. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சா என்ன பண்ணுவீங்க? தினமும் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. எவ்வளவு குடிக்கிறீங்கன்னு தெரிஞ்சாத்தான் அட்மிட் பண்ணி மருந்து குடுக்க முடியும்.”

“அட்மிட்டெல்லாம் வேணாம் மேடம். ரெண்டு மாத்திரை குடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள புடவை முடிக்கணும்.”

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். வாயைத் திறக்காதே என்கிற பார்வை. சொன்னால், கட்டினவளே ஊற்றிக் கொடுத்தாள் என்று ஊர் காறித் துப்பும். சொல்லாவிட்டால் அவர் இருக்க மாட்டார்.

“தினம் ராத்திரி ஒரு குவார்ட்டர்மா, சில நாள் ரெண்டு” என்றேன்.

“காலையில?”

“அரை டம்ளர். நான்தான் ஊத்திக் குடுக்கறேன்.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

“அவ மேல தப்பு இல்ல மேடம்” என்றார் என் வீட்டுக்காரர், மூக்கில் பஞ்சோடு. “நான்தான் கேட்டு வாங்கிக் குடிப்பேன்.”

“இல்லம்மா” என்றேன். “அவரு கேக்கறதேயில்ல. அவரு எழுந்துக்கறதுக்கு முன்னாடியே நான் ஊத்தி வெச்சிடுவேன்.”