வௌவால் குகைக்கு நான் எழுதிய பூஜ்யம்

இந்த வட்டாரத்தில் காப்பாற்ற வேண்டிய குளம், புதர்க்காடு, பாறை எல்லாவற்றுக்கும் எங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டியல் உண்டு. பழைய கல்குவாரி அதில் ஏழாவது. பாறையில் கடல்சிப்பிகளின் தடம், குகைக்குள் வௌவால்கள். வருஷா வருஷம் அந்தி நேரத்தில் நானும் என் தம்பியும் குகை வாசலின் இரு பக்கமும் நின்று, வெளியே பறப்பவற்றை எண்ணுவோம். அவன் வாய்விட்டு எண்ணுவான். எனக்குக் கணக்குத் தப்பும், திட்டுவேன்.

போன வருஷம் அந்தப் பாறையிலிருந்து விழுந்து செத்தான்.

இந்த வருஷம் தனியாகப் போனேன். குவாரியின் இரும்புக் கேட்டைத் தாண்டவில்லை. குகைப் பக்கமிருந்து அவன் எண்ணும் குரல் கேட்டது. பைத்தியம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், கேட்டது. ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் கணக்கெடுப்புப் படிவத்தில் வௌவால் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். போய்ப் பார்க்காவிட்டால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். பூஜ்யம் என்றால் பார்த்தேன், ஒன்றுமில்லை என்று அர்த்தம். பதினாறு வருஷ சர்வீஸ், எனக்குத் தெரியாதா? காலியாக விட்டால் மறுபடி போகச் சொல்வார்கள். அந்தப் பயம்தான்.

நேற்று மத்தியானம் கொத்தனார் ஒருவர் என் மேஜைக்கு வந்தார்.

"குவாரி குகைய செவரு வச்சு மூடி பத்து நாளாச்சும்மா. வேலை முடிஞ்சதுன்னு ஒரு கையெழுத்து வேணும்."

பேனாவை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டேன்.

"மொதல்ல ரெண்டு நாள் உள்ள படபடன்னு ஒரே சத்தம்," என்றார். "மேஸ்திரிகிட்ட சொன்னேன். ஆபீஸ்லயே ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, உனக்கென்னன்னாரு."

"எழுதுனது நான்தாண்ணே. பாக்காமலே எழுதிட்டேன். இப்ப வந்து ஒடைச்சுக் குடுப்பீங்களா?"

"யாரும்மா உத்தரவு?"

"நான்தான். வேலை போனா போகட்டும்."

அவர் கையெழுத்துக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "சம்மட்டி சைக்கிள்ல இருக்கு, கெளம்புங்க," என்றார்.

சுவர் விழுந்தபோது அந்தி. கேட்டைத் தாண்டியது எனக்கே நினைவில்லை. தம்பியின் குரல் கேட்கவில்லை. கேட்டால் தேவலை என்றிருந்தது. பதினோரு வௌவால்கள் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தன. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.

"அவ்வளவுதானாம்மா?"

டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தேன். தரையெல்லாம் செத்துக் கிடந்தன. கால் வைக்க இடமில்லை. வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன்.