வசனம் நீக்கிய காட்சி

கிரிஜாவின் நாடகத்தில் இரண்டு பக்கங்களை அடித்து நீக்கியபோது பாலசுப்ரமணியனுக்குக் குற்ற உணர்ச்சி துளிக்கூட இல்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. மகர்பட்டாவைத் தாண்டியிருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் நாற்பத்தொன்று. அவர்களுடைய சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். பொங்கல் விழாவுக்கு கிளப் ஹவுஸ் ஹாலை வாங்குவதற்குள் மனுஷனுக்கு நாக்குத் தள்ளிவிடும். மேடையில் பேசப்போகிற ஒவ்வொரு வரியையும் செயலாளர் முன்கூட்டியே படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது குடியிருப்பின் எஸ்டேட் மேனேஜர் ஜெயந்த் வைத்த விதி. ஜெயந்துக்குத் தமிழ் தெரியாது. ஆகவே வெட்டுகிற உத்தியோகம் பாலசுப்ரமணியனுக்கு. கோயம்புத்தூரிலிருந்து வந்து, பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் தரக்கட்டுப்பாடு பார்த்தவர். தப்புக் கண்டுபிடிக்க அவருக்குச் சொல்லியா தர வேண்டும்?

அடித்த பக்கங்களில் இருந்தது வாசல் கேட் விவகாரம். வீட்டு வேலை முடித்துப் போகிற பெண்கள் அங்கே மேஜைமேல் பையை வைக்க வேண்டும்; செக்யூரிட்டி ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்ப்பார். யாராவது எதையாவது கொடுத்தனுப்பினால் வீட்டுக்காரர் சீட்டு எழுதித் தர வேண்டும். தீபாவளிக்கு முன்னால் கிரிஜா தன் வீட்டில் வேலை செய்யும் சாவித்ரிக்கு ஒரு குக்கரைக் கொடுத்துவிட்டு, சீட்டு எழுத மறந்துவிட்டாள். ஆபீஸ் மீட்டிங்கில் போனையும் அணைத்துவிட்டாள். சாவித்ரி குக்கரோடு கேட்டருகே இரண்டு மணி நேரம், போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, நின்றாள். கிரிஜா புகார் எழுதினாள். நம் குடியிருப்பில் யாருடைய பையும் சோதிக்கப்படுவதில்லை என்று ஜெயந்த் கையெழுத்தோடு ஒரு சர்குலர் வந்தது. மேஜை இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த எரிச்சலில்தான் அவள் நாடகம் எழுத உட்கார்ந்தாள்.

"இதைய வெச்சா ஹால் போயிருமுங்கம்மா. இத்தனை குடும்பத்துக்கும் பொங்கல் இல்லாமப் போயிரும்" என்றார் பாலசுப்ரமணியன்.

"நடக்கிறதத்தானே எழுதியிருக்கேன், அங்கிள்."

"நடக்கறத எதுக்குங்கம்மா எழுதோணும்? அதான் தினமும் பாக்கறமே."

கிரிஜா காகிதங்களைப் புரட்டினாள். வசனத்தை மட்டும்தானே அடித்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒரு வார்த்தைகூட விடவில்லை என்றார் அவர், திருப்தியாக. அவள் சண்டை போடாமல் வாங்கிக்கொண்டு போனதில் அவருக்கு நிம்மதி.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை. முன்வரிசையில் ஜெயந்த், பக்கத்தில் பாலசுப்ரமணியன். வசனங்களை இந்தியில் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் பக்குவமாக. நிர்வாகம் தூங்குகிறது என்று ஒரு பாத்திரம் சொன்னதை, நிர்வாகம் அமைதியாக வேலை செய்கிறது என்றார். ஜெயந்த் தலையாட்டினார்.

மூன்றாவது காட்சிக்கு ஒரு மேஜை வந்தது. வேலைக்காரப் பெண்ணாக கிரிஜா. செக்யூரிட்டி தொப்பியோடு பி பிளாக் ராம்பிரசாத். அவள் பையை மேஜைமேல் வைத்தாள். அவன் குடையை எடுத்து உதறிப் பார்த்தான். டிபன் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தான். செய்தித்தாளில் சுற்றியிருந்த நாப்கின் பாக்கெட்டைப் பிரித்து, தூக்கிப் பிடித்துப் பார்த்தான். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து, திரும்பவும் பையை வைத்தாள். மறுபடி குடை, டப்பா, பாக்கெட். மூன்றாவது தடவையும் அதேதான்.

என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார் ஜெயந்த். ஒன்றும் பேசவில்லை என்றார் பாலசுப்ரமணியன்.

பின்னால் பாத்திரம் கழுவ வந்திருந்த ஏழெட்டுப் பெண்கள், சாவித்ரி உட்பட, நின்றிருந்தார்கள். தமிழ் தெரியாததால் அதுவரை தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள், இப்போது நாற்காலி வரிசை வரைக்கும் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, இப்படியேதான் செய்கிறார்கள் என்று மராத்தியில் உரக்கச் சொன்னாள். பாலசுப்ரமணியன் திரும்பிப் பார்த்தார். வசனம் இருந்திருந்தால் நாற்பத்தொரு குடும்பத்தோடு போயிருக்கும். தமிழை அவரே எடுத்துவிட்டார். ஹால் முழுக்கப் புரிந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு முன்பே ஜெயந்த் அவரை ஆபீஸ் அறைக்கு அழைத்தார். அனுமதி இல்லாமல் கிரிஜா ஒரு காட்சி நடித்தாள், சங்கம் அதைக் கண்டிக்கிறது என்று எழுதிக் கொடுங்கள், அடுத்த வருஷமும் ஹால் உங்களுக்கே என்றார்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும், பாலசுப்ரமணியன் எழுதத் தயாராகத்தான் இருந்தார். பேனாவைத் திறந்தார். எந்தக் காட்சி என்று எழுதட்டும் என்று கேட்டார். குதர்க்கம் இல்லை, குறை என்னவென்று குறிப்பிடாத புகார் செல்லாது, முப்பது வருஷப் பழக்கம்.

"நம்ம பேக் செக்கிங்கைக் கேவலப்படுத்தற அந்த..." என்று இந்தியில் ஆரம்பித்த ஜெயந்த் நிறுத்திக்கொண்டார். சர்குலர் அவர் தலைக்கு மேலேதான் ஒட்டியிருந்தது. பிறகு, இங்கே நடக்காததைக் காட்டிய காட்சி என்று எழுதச் சொன்னார்.

நடக்காதது. பேனா அந்த வார்த்தையில் நின்றுவிட்டது. சாவித்ரி குக்கரோடு நின்ற அன்று கறிகாய்ப் பையை ஆட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனவர்களில் அவரும் ஒருவர். அவருடைய பையை யாரும் திறக்கவில்லை. திருடி மாட்டிக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தபடி போய்விட்டார். அதை நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

'இந்தக் காட்சியில் வருவது இங்கே தினமும் நடக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். வசனத்தை அடித்தது நான்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெயந்த் படித்துவிட்டு, இனி இந்த ஹாலை மறந்துவிடுங்கள் என்றார். பாலசுப்ரமணியனுக்குத் துக்கமாகத்தான் இருந்தது. அந்த ஹாலுக்காக அவர் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமா?

குடும்பங்களுக்கெல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நேரே பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனார். சாவித்ரி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மராத்தி அவருக்குத் தண்ணி பட்ட பாடு. அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. சும்மா நின்றார்.

செயலாளர் வந்து பேசாமல் நிற்பதைச் சாவித்ரி பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மூலையிலிருந்த தன் பையை எடுத்து வந்து, அதன் வாயை விரித்து அவரிடம் காட்டினாள்.